எழுத்துக்கும் தாலிக்கும் இடையில

இரும் பிள்ளை, இரும். அந்த சீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டினம். ரிக்கற் இருக்கு, ஆள் இல்லை. என்ர பெறாமகளுக்கெண்டு போட்ட சீட், அவள் வரேல்லை. உம்மட உடுப்புப் பாக்கை மேல வையாதேயும், காலுக்குள்ள வையும். மேல வைச்சால் ஆர் எடுத்தது, எந்த ஸ்டேசனில எடுத்தது எண்டு ஒண்டும் தெரியாமல் போயிடும். மாஸ்க்கையும் மூக்குக்கு மேல இழுத்து விடும். நான் ஆரையும் சந்தேகப்படுற ஆள் இல்லை. காலம் அப்பிடி.

எந்த இடம் நீர்? வவுனியாவோ. வவுனியாவில எந்தப் பக்கம்? குருமன்காடோ. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது, அங்க இருக்கிறவைக்கும் என்னைத் தெரியாது. அப்ப சரி. யாழ்ப்பாணத்து ஆக்களெண்டால் நான் வாயே திறந்திருக்கமாட்டன். நாங்கள் இஞ்ச ஒரு சொல்லுச் சொன்னால் அது எங்களுக்கு முதல் ஊருக்குப் போய்ச் சேர்ந்திடும்.

எம்பசி அலுவலாத்தான் கொழும்புக்கு வந்தனான். கனடா. எனக்கில்லை, அவளுக்கு. கஜந்தினி எண்டு பேர். என்ர தங்கச்சியின்ர பிள்ளை. தங்கச்சி காய்ச்சலில போய்ச் சேரேக்கை இவள் ரெண்டாம் வகுப்பு. தேப்பன்? தேப்பன் அதுக்கு முதலே வெளிநாடு போறன் எண்டு சொல்லிக் கொழும்புக்கு வெளிக்கிட்டவர். எந்த நாட்டுக்குப் போனவர், போனவரோ இல்லையோ எண்டு இண்டைவரைக்கும் ஒண்டும் தெரியாது. கடிதம் போடுறன் எண்டவர். தங்கச்சி சாகுமட்டும் தபால்காரன்ர சைக்கிள் மணி கேட்டால் எழும்பி இருப்பாள். வெளிநாடு போன ஆம்பிளை எண்டு ஆரும் சொன்னால் எனக்கு லேசில நம்பிக்கை வராது. அது சந்தேகமில்லை, அனுபவம்.

நான் கலியாணம் கட்டேல்லை. பொம்பிளைப் பிள்ளையளின்ர விடுதியில மேற்றனா இருந்தனான். பள்ளிக்கூடத்தின்ர பேர் வேண்டாம். வேலைக்குச் சேரேக்கை எனக்கு உம்மட வயசுதான் இருக்கும், தலை நரைச்சுத்தான் வெளியில வந்தனான். விளக்கு நூர்த்தாப் பிறகு ஒரு பிள்ளை நித்திரையோ நடிப்போ எண்டு வாசலில நிண்டு மூச்சைக் கேட்டே சொல்லிப்போடுவன். உண்மையா நித்திரை கொள்ளுற பிள்ளைக்கு மூச்சு ஒழுங்கில்லாமல் வரும். நடிக்கிறவள்தான் அளந்து அளந்து விடுவாள். அவ்வளவு பிள்ளையளைப் பார்த்தனான், ஒருத்தியும் என்ர கையில கெட்டுப்போகேல்லை. அப்ப சொந்தப் பிள்ளையை எப்பிடிப் பார்த்திருப்பன், நீரே யோசியும்.

கொரோனா வாறதுக்கு முன்னம், அந்தத் தை மாசம்தான் சம்பந்தம் சரிவந்தது. பெடியன் பேர் நிரூபன். தாய் தேப்பன் அளவெட்டி ஆக்கள். அங்க கனடாவில பெரிய லொறி ஓடுறார். லொறி எண்டோண்ண எனக்குப் பிடிக்கேல்லை. ஒரு இடத்தில இருக்கிற வேலையெண்டால் போய் விசாரிக்கலாம். ஓடிக்கொண்டிருக்கிறவனை எங்க போய் விசாரிக்கிறது? ஆனா பெடியன்ர முகம் பரவாயில்லை. கஜிக்கும் பிடிச்சுப் போச்சு. பிடிச்சிருக்கெண்டு அவள் வாயால சொல்லேல்லை, அண்டைக்குக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு ரெண்டு தரம் தலை இழுத்தவள். எனக்கு விளங்கும்தானே.

அவை சொன்னது இப்ப ரெஜிஸ்ட்ரார் எழுத்தை மட்டும் முடிப்பம், தாலி கட்டு அங்க கனடாவில ஹோல் எடுத்து, சொந்தக்காரர் எல்லாரையும் கூப்பிட்டுச் செய்வம் எண்டு. எழுத்து முடிச்சால்தானே ஸ்பொன்சர் பண்ணலாம். உமக்குத் தெரியும், இப்ப எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம். ரெஜிஸ்ட்ரார் ஐயா வீட்டை வந்தவர், ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சவை, வந்தவைக்கு கேக்கும் தேத்தண்ணியும் குடுத்தது, முடிஞ்சுது. எழுத்து எண்டது அரசாங்கத்துக்குப் பிள்ளை. தாலி ஏறினால்தான் எங்களுக்கு. இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்கிற பிள்ளை இருக்கே, அதுதான் ஆபத்தான பிள்ளை. அவள் குமருமில்லை, குடும்பமுமில்லை.

அதோட, விசா கையில வருமட்டும் நாங்கள் வெளியில மூச்சு விடுறேல்லை. ஆரும் ஒரு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டால் காணும். இல்லாட்டி இது குழம்பினால், நாளைக்கு எழுத்து வெட்டின பொம்பிளை எண்டு சொல்லி ஆர் வந்து கேப்பினம்? அதால பக்கத்து வீட்டுப் புனிதத்துக்குக்கூடச் சொல்லேல்லை. புனிதம் வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, ஆர் அது பெரிய புத்தகத்தோட வந்தவர் எண்டு கேட்டவா. காணி விசயமா வந்தவர் எண்டனான். அந்தப் பெடியன் ஆர் எண்டவா. தூரத்துச் சொந்தம், லண்டனில இருந்து வந்தவர் எண்டனான். கனடா எண்டுகூடச் சொல்லேல்லை பாரும். ஏன் சொல்லோணும்?

பெடியன் மூண்டு கிழமை நிண்டவர். தகப்பன்ர சொந்தக்காரர் வீட்டில தங்கிக்கொண்டு ஒவ்வொரு நாளும் விடிய வருவார், பின்னேரம் போவார். நான் குறை வைக்கேல்லை. நண்டுக் கறி என்ன, ஒடியல் கூழ் என்ன. வெளியில கூட்டிக்கொண்டு போகோணும் எண்டு கேட்டவர், அதுக்கும் ஓம் எண்டனான். நல்லூருக்குப் போனது, கீரிமலைக்குப் போனது, கசூரினாக் கடலுக்குப் போனது. எல்லாத்துக்கும் நானும் போனனான். ஓட்டோவில நடுவில நான். கோயிலில நடுவில நான். கடற்கரையில பெடியன் போனை நீட்டிப் படம் எடுக்க வெளிக்கிட்டால், பொறும் தம்பி எண்டுபோட்டு நானும் போய் நிப்பன். நல்ல வடிவான படங்கள். என்ர வாழ்க்கையிலேயே என்னை அவ்வளவு படம் ஒருத்தரும் எடுத்ததில்லை.

போக முதல் நாள் பெடியன் கேட்டவர், பெரியம்மா, நான் கஜியோட ஒரு பத்து நிமிசம் கதைக்கலாமோ எண்டு. கதையும் தம்பி, நான் வேண்டாம் எண்டு சொன்னனானோ எண்டு சொல்லிப்போட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தனான். ரெண்டு பேரும் வெய்யிலைப் பற்றிக் கதைச்சவை.

அவர் போய் இறங்க, கொரோனாவும் வந்திட்டுது. ஊரடங்கு. விமானம் இல்லை. எம்பசி பூட்டு. இன்டர்வியூ எப்ப எண்டு கேட்டால், பெரியம்மா, எல்லாக் கந்தோரும் பூட்டிக் கிடக்கு, திறந்தால்தான் கூப்பிடுவினம் எண்டு பெடியன் சொல்லுறார். எனக்கெண்டால் அங்கதான் முதல் இடிச்சுது. உலகம் முழுக்க ஒரே நேரத்தில கந்தோரைப் பூட்டுறதோ? சண்டைக் காலத்தில ஷெல் அடிக்கேக்கையே எங்கட ஊர் அரசாங்கக் கந்தோர் திறந்து கிடந்தது. அங்க ஒருத்தியை வைச்சுக்கொண்டு, இஞ்ச கொரோனாவைச் சாட்டு எடுக்கிறார் எண்டு நினைச்சன். நினைக்கிறதில என்ன பிழை? நினைச்சதை நான் அவருக்குச் சொல்லேல்லைத்தானே. கஜிக்கு மட்டும்தான் சொன்னனான்.

ஊரடங்கு தளர்த்தின கையோட நானே கொழும்புக்கு வந்து பார்த்தனான். ஓம், பாஸ் எடுத்து, முகமூடியும் கட்டிக்கொண்டு. கேட் பூட்டித்தான் கிடந்தது. செக்கியூரிட்டியிட்டைக் கேட்டன், உள்ள ஒருத்தரும் இல்லையோ எண்டு. இல்லையம்மா எண்டான். அப்ப உந்த ஏசியில ஏன் தண்ணி சொட்டுது, ஆளில்லாத கந்தோருக்கு ஏன் ஏசி எண்டு கேட்டன். அவன் மேல பார்த்தான், என்னைப் பார்த்தான். எண்டாலும் கேட்டைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்துப்போட்டுத்தான் வந்தனான். பூட்டுத்தான். அது எனக்கு வடிவாத் தெரியும். இதை ஞாபகம் வைச்சுக்கொள்ளும், ஏன் சொல்லுறன் எண்டு விளங்கும்.

வீட்டில என்ன செய்தனான் எண்டால், போன் கதைக்கிறதுக்கு ஒரு ஒழுங்கு வைச்சனான். பின்னேரம் விளக்கு வைச்சாப் பிறகு, ஹோலில இருந்து, ஸ்பீக்கரில போட்டுக் கதைக்கோணும். நானும் பக்கத்தில இருந்து காய் வெட்டுவன். இடைக்கிடை நானும் ரெண்டு கதை கேப்பன், பெடியன் என்னை மதிக்கோணும்தானே. படுக்கப் போக முதல் போனை வாங்கி மெசேச்சுகளைப் பார்ப்பன். ஒண்டும் இருக்காது. வெறுமையாத்தான் இருக்கும். எனக்குப் பெருமை. பார், என்ர வளர்ப்பு எண்டு.

பிறகுதான் தெரிஞ்சது, அவள் ஒவ்வொரு நாளும் என்னட்டைப் போனைத் தர முதல் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத்தான் தந்தவள். அவர் எழுதினது, தான் எழுதினது, அவர் அனுப்பின படங்கள், எல்லாம். ரெண்டு வருசமா. அப்பிடி அழிக்கிறதுக்கு அதில என்ன இருந்தது? நல்ல விசயமெண்டால் ஏன் அழிக்கிறது? கேட்டனான். நீங்கள் வாசிப்பீங்கள் பெரியம்மா எண்டாள். வாசிச்சால் என்ன?

ஒருநாள் கிணத்தடியில நிண்டு குசுகுசுத்துக்கொண்டு நிக்கிறாள். நான் சத்தம் போடாமல் வாழைக்குப் பின்னால போய் நிண்டனான். அது வேலைப் பழக்கம். முருங்கைக்காய்க் குழம்பு வைச்ச கதை சொல்லுறாள். தேங்காய்ப் பால் கூடிப் போச்சாம், பெரியம்மா ஒண்டும் சொல்லாமல் சாப்பிட்டவாவாம், மழை வரும் போல இருக்காம். இதைத்தான் நிண்டு நிண்டு கதைக்கிறாள், கதைச்சுக் கதைச்சுச் சிரிக்கிறாள். புருசனோடதான். ஆனா பாரும், ஒரு குழம்பைப் பற்றி அவ்வளவு நேரம் கதைக்கிறவை உண்டோ? அதுக்குள்ள வேற ஏதோ இருக்கு எண்டு எனக்குப் பட்டுது. என்னெண்டு இண்டைவரைக்கும் கண்டுபிடிக்கேல்லை.

இனித்தான் கதை. அடுத்த வருசம், திரும்பவும் எல்லாம் பூட்டிக் கிடக்கிற நேரம். கஜி சாமான் வாங்கச் சங்கக்கடையில லைனில நிக்கப் போயிட்டாள். வீட்டுப் போன் அடிக்குது. தெரியாத ஆம்பிளைக் குரல். வணக்கம் அம்மா, கஜந்தினி நிக்கிறாவோ எண்டு கேக்கிறான். நல்ல தேன் மாதிரிக் குரல். ஆர் கதைக்கிறது எண்டன். கனடா எம்பசியில இருந்து கதைக்கிறம் அம்மா எண்டான்.

நீர் சொல்லும், நான் என்ன நினைக்கிறது? எம்பசி பூட்டு. என்ர ரெண்டு கண்ணாலையும் பார்த்து, கையால ஆட்டிப் பார்த்தனான். திறந்தது எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. அதோட அவன்ர பின்னால ஒரு குழந்தை வீரிட்டுக் கத்துது. ஆரோ ஒரு பொம்பிளை, பாலைக் குடிக்கச் சொல்லி அதட்டுறா. எம்பசிக்குள்ள குழந்தை ஏன்? பால் ஏன்? உடனே விளங்கீட்டுது, இது ஆரோ ஊரில இருந்து நூல் விட்டுப் பார்க்கினம். புனிதத்தின்ர மருமகன் ஒருத்தன் கொழும்பில நிக்கிறான், அவனாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்.

அவவின்ர கணவர் விசயமா ரெண்டு மூண்டு கேள்வி கேக்கலாமோ எண்டான். எந்தக் கணவர், எங்கட பிள்ளைக்கு இன்னும் கலியாணமே ஆகேல்லை எண்டன். நிரூபன் எண்டு ஒருத்தரைத் தெரியுமோ எண்டான். தூரத்துச் சொந்தம், லண்டன் எண்டன். அவர் உங்கட வீட்டில வந்து தங்கினவரோ எண்டான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. டேய், இந்த வீட்டில ஒரு ஆம்பிளையும் ஒரு நாள் தங்கினதில்லை, பிள்ளையும் நானும் மட்டும்தான், இனி இந்த நம்பருக்கு எடுத்தால் பொலிசுக்குப் போவன் எண்டு சொல்லி வைச்சிட்டன். கஜிக்குச் சொல்லேல்லை. சின்னப் பிள்ளை, பயந்திடும்.

ரெண்டு மாசம் கழிச்சு எம்பசியில இருந்து கடிதம் வந்துது. உங்கட கலியாணம் உண்மையானதெண்டு எங்களுக்கு நம்பிக்கையில்லை, வீட்டில இருக்கிற ஆளே கலியாணம் நடக்கேல்லை எண்டு சொல்லியிருக்கிறா, இதுக்கு விளக்கம் சொல்லோணும், இல்லாட்டி மறுத்திடுவம் எண்டு. அவை கந்தோரைப் பூட்டிப்போட்டு வீட்டில இருந்து வேலை செய்தவையாம். அந்தக் குரல்காரன் தன்ர வீட்டில இருந்துதான் எடுத்தவனாம். அது அவன்ர குழந்தையாம். வீட்டில இருந்து வேலை செய்யிறதெண்டால் அதை முதலே சொல்லோணும்தானே? நான் எப்பிடி நம்பிறது?

கஜி அதை வாசிச்சுப்போட்டுக் குசினி நிலத்தில இருந்திட்டாள். பெரியம்மா, ஆரும் போன் எடுத்தவையோ எண்டு கேட்டாள். ஒருத்தன் எடுத்தவன், நல்லா ஏச்சுக் குடுத்தனான் எண்டன். அவள் கத்தேல்லை. அழவுமில்லை. எழும்பிப் பாத்திரம் கழுவினாள். கழுவி முடிச்சுப்போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள், பெரியம்மா, நான் உங்கட விடுதிப் பிள்ளை இல்லை எண்டு. அவ்வளவுதான். அதுக்குப் பிறகு என்னோட முகம் பார்த்துக் கதைக்கேல்லை. சாப்பாடு போட்டுத் தருவாள், குளிசை எடுத்துத் தருவாள், முகம் பாக்கமாட்டாள். எனக்குச் சோறு இறங்கேல்லை. அவளை நான் காவல் காத்தது ஆருக்காக, எனக்காகவோ?

அந்தப் பெடியனும் விசயத்தைக் கேள்விப்பட்டு, நான் வேலையை விட்டிட்டு வாறன் எண்டு நிண்டார். எனக்கு அதிலையும் பயம். இவ்வளவு அவசரமா ஏன் வாறார், எழுத்தை வெட்டிப்போட்டுப் போகத்தான் வாறார் எண்டு எனக்குள்ள ஓடுது. பிளேன் ஏற முதல் ஒரு டெஸ்ட், வந்து இறங்கி ஒரு டெஸ்ட், பிறகு எங்கையோ ஒரு ஹொட்டலில அடைச்சு வைச்சவை. அதுக்குப் பிறகுதான் எங்கட வீட்டை வந்தார். இளைச்சுப் போனார். தாடி. என்னைக் கண்டோண்ண, பெரியம்மா சுகமோ எண்டார். ஒரு வார்த்தை ஏசேல்லை. ஏசாத ஆம்பிளையை நான் நம்பிறேல்லை, ஆனா அண்டைக்கு அவருக்கு ரெண்டு தரம் சோறு போட்டனான்.

எம்பசி திறந்தோண்ண ரெண்டு பேரையும் கூப்பிட்டவை. அண்டைக்குப் போனில மறுமொழி சொன்ன ஆளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு சொன்னவையாம். நான்தான் அந்த ஆள். வெள்ளவத்தையில நானும் அவளும் தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டில ஒரு அறை எடுத்தம். பெடியன் தன்ர சிநேகிதனோட. எனக்கும் அவளுக்கும் திரும்பிப் போக ரிக்கற்றும் போட்டாச்சு. நேற்று விடியத்தான் இன்டர்வியூ.

உள்ள கேள்வி கேட்டது ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை. சின்னப் பிள்ளை, கஜியைவிட ரெண்டு வயசு கூட இருக்கும். கண்ணாடிக்கு அங்கால இருக்கிறா. பக்கத்தில தமிழில மாத்திச் சொல்ல ஒருத்தன். வணக்கம் அம்மா எண்டான். அதே குரல். குழந்தை சுகமோ தம்பி எண்டன். வேற என்ன கேக்கிறது? சுகம் அம்மா, இப்ப நடக்கிறான் எண்டு சிரிச்சான்.

அவவின்ர மேசையில நாங்கள் குடுத்த படங்கள் எல்லாம் விரிச்சுக் கிடக்கு. நல்லூர், கீரிமலை, கசூரினா. இந்த நடுவில நிக்கிறவா ஆர் எண்டு கேட்டா. நான்தான் எண்டன். நீங்கள் இல்லாமல் இவை ரெண்டு பேரும் மட்டும் நிக்கிற படம் ஒண்டும் இல்லையோ எண்டா. அப்பிடி ஒண்டு இருக்க விட்டிருப்பனோ எண்டன். அவன் மாத்திச் சொன்னான். அவ படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தா. ரெண்டு வருசத்து மெசேச் ஒண்டும் ஏன் இல்லை எண்டா. கஜி இங்கிலீசில ஏதோ சொன்னாள், என்ர பக்கம் கையைக் காட்டினாள். போனில ஏன் கலியாணமே ஆகேல்லை எண்டு சொன்னீங்கள் எண்டா. நான் எல்லாத்தையும் சொன்னன். எழுத்து வேற தாலி வேற எண்டதை, விசா வருமட்டும் ஊருக்குச் சொல்லுறேல்லை எண்டதை, பூட்டின கேட்டை ஆட்டிப் பார்த்ததை, ஏசியில தண்ணி சொட்டினதை, குழந்தை அழுததை, பெடியன் கடைசி நாள் பத்து நிமிசம் கேட்டதை, நான் கதிரை போட்டு இருந்ததை. அவன் மாத்திச் சொல்லச் சொல்ல அந்தப் பிள்ளை எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. ஏன் சிரிப்பு வந்தது எண்டு எனக்கு விளங்கேல்லை. நான் அவளின்ர ஒழுக்கத்துக்குத்தான் சாட்சி சொன்னனான்.

பிறகு சிரிப்பை விட்டிட்டு ஒரு கேள்வி கேட்டா. அம்மா, மற்றதெல்லாம் இருக்கட்டும். நீங்கள் நம்பிறீங்களோ, இவை ரெண்டு பேரும் புருசன் பெண்சாதி எண்டு? அதை மட்டும் சொல்லுங்கோ எண்டா.

என்ன சொல்லுறது பிள்ளை? தாலி ஏறேல்லை. கூறை உடுக்கேல்லை. என்ர மனசறிய நான் அப்பிடி ஒருநாளும் நினைச்சதில்லை. திரும்பிப் பார்த்தன். கஜி அந்த வெள்ளைக்காரப் பிள்ளையைப் பாக்கேல்லை, என்ர முகத்தைத்தான் பாக்கிறாள். எத்தினையோ நாளைக்குப் பிறகு நேரா என்ர முகத்தைப் பாக்கிறாள். பெடியனும் பக்கத்தில இல்லை. இந்த நேரத்திலையும், அந்தக் கந்தோருக்குள்ளையும், அவளுக்கும் தனக்கும் நடுவில ஒரு கதிரையை வெறுமையா விட்டுப்போட்டுத்தான் இருக்கிறார். நான் இருக்கிறன் எண்டு. உலகத்தில எங்க இருந்தோ பறந்து வந்து, ஊசி போட்டு, அடைபட்டுக் கிடந்து, வந்த இடத்திலையும் ஒரு கதிரை தள்ளி.

ஓம் எண்டன். புருசன் பெண்சாதிதான் எண்டன். தலையையும் ஆட்டினன். அவன் மாத்திச் சொல்ல முதலே அந்தப் பிள்ளைக்கு விளங்கீட்டுது. இனிப் பிரச்சினை இருக்காது, பாஸ்போட்டை அனுப்பச் சொல்லி அறிவிப்பம் எண்டு சொன்னா. கஜி முகத்தைக் கையால மூடிக்கொண்டு அழுதாள்.

வெளியில வந்தம். ஓட்டோ பிடிப்பம், அறைக்குப் போய் உடுப்பை அடுக்கோணும், விடிய ரெயின் எண்டன். கஜி அசையேல்லை. பெரியம்மா, நான் வரேல்லை, இவர் போகுமட்டும் இவரோட கொழும்பில நிக்கப்போறன் எண்டாள். என்ன விசர்க் கதை கதைக்கிறாய், தாலி ஏறேல்லை எண்டன். இப்பதானே உள்ள சொன்னீங்கள் எண்டாள்.

கோபமாச் சொல்லேல்லை பிள்ளை. கோபமாச் சொல்லியிருந்தால் நானும் ரெண்டு ஏச்சு ஏசி இழுத்துக்கொண்டு வந்திருப்பன். மெல்லமாச் சொன்னாள், என்ர கையையும் பிடிச்சுக்கொண்டு. நான் என்ன செய்யிறது? அரசாங்கத்துக்கு முன்னால என்ர வாயால சொல்லிப்போட்டு வந்தனான். இனி இல்லை எண்டு சொன்னால், திரும்பிப் போய் அந்தக் கண்ணாடிக்கு முன்னாலயும் இல்லை எண்டு சொல்லோணும். எல்லாக் கதவையும் காவல் காத்தனான், அந்த ஒரு கதவை நானே திறந்துவிட்டிட்டன்.

பெடியன் என்னை ஓட்டோவில ஏத்திவிட்டவர். பெரியம்மா, அங்க தாலி கட்டேக்கை நீங்கள்தான் முன்னுக்கு நிக்கோணும், உங்களுக்கும் விசிட் விசா போடுறன் எண்டவர். போடுவாரோ தெரியாது. தேப்பனும் கடிதம் போடுறன் எண்டுதான் போனவர். ஆனா ஓட்டோ வெளிக்கிட்டுத் திரும்பிப் பார்க்கேக்கை, இவர் அவளின்ர பாக்கைத் தன்ர தோளில மாட்டிக்கொண்டு நிண்டவர். தேப்பன் ஒருநாளும் தங்கச்சியின்ர ஒரு சாமான் தூக்கி நான் காணேல்லை. அதை யோசிச்சுக்கொண்டுதான் வாறன்.

நீர் இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும். புனிதத்துக்கு இன்னும் தெரியாது. விசா கையில வரட்டும். கஜி எங்கை எண்டு கேட்டால், கொழும்பில கொம்பியூட்டர் படிக்க விட்டிட்டு வந்தனான் எண்டு சொல்லலாம் எண்டு இருக்கிறன். நம்புவாவோ தெரியாது, அவவும் லேசுப்பட்ட ஆள் இல்லை.

உம்மட்டை ஏன் இவ்வளவையும் சொன்னனான் எண்டு நீரும் யோசிப்பீர். நான் முகம் தெரியாத ஆக்களோட நேரம்கூடக் கேக்கமாட்டன். ஆனா எங்க போயிட்டு வந்தாலும், செருப்பைக் கழட்ட முதலே அவளுக்கு எல்லாக் கதையும் சொல்லியாகோணும் எனக்கு. ஆர் என்ன சொன்னவை, நான் என்ன சொன்னனான் எண்டு ஒண்டும் விடாமல் சொல்லுவன். அவள் வேலை செய்துகொண்டே கேப்பாள். இண்டைக்கு மத்தியானம் வீட்டைத் திறந்துகொண்டு உள்ள போனால் கேக்க ஒருத்தரும் இல்லை. அதுதான் உமக்குச் சொன்னனான்.